இருமல் உறங்கும் நேரம்

ஈதரின் மணம் தலைமுடியில் தங்கும். ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவைச் சிங்கப்பூர் சிராங்கூன் சாலை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபோது, குனிந்து அவள் தலையை முகர்ந்தேன். தேங்காயெண்ணெய் மணம் இல்லை. இனிப்பும் காரமுமாய் எதுவோ தொண்டையைப் பிடித்தது. எனக்கு ஒன்பது வயது. அந்த மணத்தின் பெயர் தெரியாது. அதை யாருக்காவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் அப்போதே தோன்றியது.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. ஆப்பரேஷனுக்கு முன் எதுவும் தின்னக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காலையில் அப்பாவின் அக்கா, என் அத்தை, தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள்.

"வெறும் வயித்துல கத்தி வச்சா உசிரு தாங்குமா? குடி புள்ள, ஒருத்தரும் பாக்கல."

திரையை இழுத்துவிட்டு அவளே ஊட்டினாள். நான் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவுதான் என் பங்கு.

அம்மா ஆப்பரேஷன் மேசையிலிருந்து எழவில்லை. மயக்கத்தில் கஞ்சி மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது என்றார்கள். யார் கொடுத்தது என்று அப்பா கேட்டார். அத்தை என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"இந்தச் சனியன்தான். நான் அந்தப் பக்கம் போன நேரம் பாத்து ஊட்டி விட்டிருக்கு."

சட்டி இன்னும் என் கையில் இருந்தது. அப்பா அதைத்தான் பார்த்தார்.

அதன் பிறகு அப்பா என் கையால் ஒரு தம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. அத்தை மகனுக்கு நான் 'கஞ்சி' ஆனேன். "டேய், கஞ்சி வருது, வாய மூடுங்கடா!" என்று தெருமுனையில் நின்று கத்துவான். பையன்கள் சிரிப்பார்கள்.

நான் தாதியானது கருணையால் அல்ல. அந்த மணத்தைத் தேடிப் போனேன். கம்பிச் சட்டத்தில் துணியைப் போர்த்தி, முகத்தின்மேல் கவிழ்த்து, மயக்க மருந்தான ஈதரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். மூச்சு அதை நுரையீரலுக்குக் கொண்டுபோகும். இரத்தம் மூளைக்குக் கொண்டுபோகும். நினைப்பு முதலில் போகும். பிறகு உடம்பு திமிறும், உளறும், அடங்கும். கடைசியில் இருமலும் உறங்கிப்போகும். தொண்டையின் காவல்காரன் அவன்தான். அவன் கண்ணயர்ந்த நேரத்தில்தான் அம்மாவுக்குள் கஞ்சி புகுந்தது. அறுபதுகளில் ஈதருக்குப் பதிலாக ஹாலோதேன் வந்தது. மணம் மென்மையானது, முகமூடியைக் கண்டு யாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வதில்லை. ஆனால் இரத்த அழுத்தத்தைச் சத்தமில்லாமல் இறக்கிவிடும்.

மயக்க மருந்து கொடுக்கும் யாழ்ப்பாணத்து டாக்டரிடம் ஒருநாள் கேட்டேன், மூளைக்குள் போய் இது என்னதான் செய்கிறது என்று.

"அது ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது, மிஸ்ஸி" என்று சிரித்தார். "நித்திரையாக்கத் தெரியும், எழுப்பத் தெரியும். நடுவில நடக்கிறது கடவுளுக்குத்தான் வெளிச்சம்."

சிங்கப்பூர் தனிநாடான அடுத்த வருஷம், பித்தப்பைக் கல்லோடு அத்தை நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே வந்தாள். ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் டிராலியில் கிடந்தாள். ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் அப்பா. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்.

"காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?"

"பச்சத் தண்ணி பல்லுல படல."

அவள் மேலுதட்டில் மைலோ பானத்தின் பழுப்புக் கறை காய்ந்திருந்தது.

நான் பேசாமல் இருந்தால் போதும். கதவு திறக்கும், டிராலி உள்ளே போகும். யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். அந்த அரை நிமிஷம் எவ்வளவு ருசியாக இருந்தது என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

பிறகு அவள் காதருகே அல்ல, எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன்: "மருந்து ஏறினதும் இருமல் நின்னுடும் அத்தை. வயித்துல இருக்கிறது மேல வந்து நெஞ்சுக்குள்ள போகும். எங்கம்மா அப்படித்தான் செத்தாங்க. இப்ப சொல்லுங்க. சாப்பிட்டீங்களா?"

மகன் முந்திக்கொண்டான். "அரை கப் மைலோதான் லா. அம்மா கேட்டாங்க, நான்தான் குடுத்தேன். இதுக்குப் போயி..."

"வெறும் வயித்துல தாங்காதுன்னு கேட்டாங்களா?"

அத்தை பக்கம் திரும்பினேன். டிராலியின் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கு எங்கம்மாவுக்கு யார் குடுத்தது?"

"இப்ப எதுக்குடி அதெல்லாம்?"

"சொன்னாத்தான் கம்பிய விடுவேன்."

அத்தை கூரையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். "நான்தான்டி" என்றாள். "நல்லதுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன். அப்புறம் பயந்துட்டேன்."

அப்பா டிராலியிலிருந்து கையை எடுத்தார்.

அன்று ஆப்பரேஷன் நடக்கவில்லை. மறுநாள் நடந்தது. அவள் தலைமாட்டில் நான்தான் நின்றேன். அவள் தாடையைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு மூச்சும் உள்ளங்கையில் படுகிறதா என்று கவனித்தேன். பாசம் ஒன்றுமில்லை. அவள் சாகக் கூடாது. செத்தவள் யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை. வந்த வழியே மருந்து மூச்சோடு வெளியேறியது. உடம்பு நடுங்கத் தொடங்கியது. கம்பளியைப் போர்த்தினேன். கண் திறந்ததும் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். உடனே மூடிக்கொண்டாள்.

வெளியே பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஜாடியும் தம்ளரும் இருந்தன, என் கைக்கெட்டும் தூரத்தில்.

"அம்மாடி" என்றார். பதினான்கு வருஷத்தில் முதல் முறை. "தொண்டை வறளுது. உன் கையால ஒரு தம்ளர் தண்ணி குடேன்."

"குழாய் அந்தக் கோடியில இருக்குப்பா" என்றேன்.

அவர் மெதுவாக எழுந்து நடந்தார். நீளமான நடை அது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கூப்பிடவில்லை.