பானு கொடுத்துவைத்த கத்தி

"பானு மேல வரல, மல்லிகா" என்று போனில் சொன்னார் நம் குழுத் தலைவர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஐயப்பன்தாங்கலில் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டரில் வந்தவள் படியேறச் சலித்துக்கொண்டு கீழேயே நிற்கிறாள் என்று நினைத்தேன். அது அவள் வழக்கம்தான். தெருவில் நின்றே என் பெயரைக் கத்தி மானத்தை வாங்குவாள். மாவுக் கையோடு பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, "கீழே ஆளைக் காணோமே சார்" என்றேன். அந்தப் பக்கம் அவர் விம்மிய பிறகுதான் அவர் சொன்னது கடலுக்கு மேல் என்று எனக்கு உறைத்தது.

கடலடியில் கைவிடப்பட்ட மீன்வலைகளை அறுத்து எடுக்கும் நம் குழுவில் பலருக்கு அவளைப் படகில்தான் தெரியும். எனக்கு அவளை அம்பத்தூர் எஸ்டேட் கேண்டீனில் தெரியும். ஒரே தொழிற்சாலையில் ஒன்பது வருடம் வேலை செய்தோம். நான் வரைபடம் போடுகிறவள், ஃபரிதா பானு தரப் பரிசோதனை. நான் போட்ட அளவில் ஒரு மயிரிழை தவறினாலும் உருப்படியைத் தூக்கிக்கொண்டு நேரே என் மேசைக்கு வருவாள். சண்டையில் தொடங்கிய சிநேகம். ஆவடிப் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் காற்று சிலிண்டரோடு முக்குளிக்கும் ஸ்கூபா பயிற்சி என்று கேள்விப்பட்டு என்னை இழுத்துக்கொண்டு போனதும் அவள்தான்.

கடலடியில் வலை அறுக்க எனக்குக் கத்தி வாங்கப் போன நாளில் பாரிமுனைக் கடைக்காரர் அழாத குறை. வளைந்த முனையும் கறுப்புப் பிடியுமாக ஒன்று பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப்போயிற்று. பானு அதை என் கையிலிருந்து பிடுங்கினாள். "இத்த வெச்சிகினு யார குத்தப் போற? மீனு உன்ன இன்னா பண்ணிச்சி?" பிறகு முனை மொட்டையாக, ஒரு பக்கம் மட்டும் ரம்பப் பல் வைத்த கத்திகளை வரிசையாக எடுத்து வைக்கச் சொன்னாள். கடைக்காரரிடம் ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு, என் கையை நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு உறையிலிருந்து உருவச் சொன்னாள். முதலில் வலது கை, அப்புறம் இடது கை. "கண்ணு தெரியாத எடத்துலதாண்டி இது வேலைக்கு ஆவும். ஒரே இழுப்புல வரலனா அது கத்தியே இல்ல." நான்காவது கத்திதான் அவளிடம் தேறியது.

ஒவ்வொரு முறை கடலிலிருந்து திரும்பியதும் பூந்தமல்லியில் அவள் வீட்டு மொட்டை மாடிக்குப் போவோம். கீழே அவள் கணவர் நசீர் பாயின் சோபா, குஷன் தைக்கும் கடை. கத்தியின் பிடியைக் கழற்றி, உறையையும் சேர்த்து நல்ல தண்ணீரில் அலசுவாள். ரம்பப் பல்லின் இடுக்கையெல்லாம் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பாள். துணியால் ஈரம் போகத் துடைத்து நிழலில் வைத்துவிட்டு, பாயின் தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு எடுத்து விரலால் தடவுவாள். "துருப்பிடிக்காத இரும்புன்னு எழுதியிருக்கே" என்று ஒருநாள் கேட்டேன். "அது எழுத்து. கடலுக்குப் படிக்கத் தெரியாது" என்றாள்.

இவ்வளவும் கூடவே இருந்து பார்த்தவள்தான் நான். போன ஆயுத பூஜைக்குத் தொழிற்சாலையில் மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தபோது, என் கத்திக்கும் பக்தியாக மூன்று விரல் சந்தனம் இழுத்து நடுவில் பொட்டு வைத்தேன். பூஜை முடிந்ததும் அப்படியே உறையில் செருகி பையில் போட்டேன். அடுத்து மழை, கடலில் இறங்க முடியாத மாதங்கள். ஜனவரியில் முதல் இறக்கத்தில், கோவளத்துக்கு அப்பால், ஒரு பழைய வலை என் சிலிண்டரில் மாட்டியது. கத்தியை இழுத்தேன். வரவில்லை. காய்ந்த சந்தனமும் துருவும் சேர்ந்து உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தன. திமிறத் திமிற வலை இறுகியது. என் மகளின் முகம்கூட நினைவுக்கு வரவில்லை, அந்தப் பிடி மட்டும்தான் உலகத்தில் இருந்தது. கலங்கல் தண்ணீரில் எங்கிருந்தோ பானுவின் கை வந்தது. தன் நெஞ்சுப்பட்டையில் இருந்த சிறிய கத்தியை உருவி, இழை இழையாக அறுத்து என்னை வெளியே எடுத்தாள்.

படகில் என் உறையை உடைத்துப் பார்த்தவள் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். "பொட்டு வெச்சியே, சந்தோசம். தொடச்சியாடி?"

அதன் பிறகு நான் கடலில் இறங்கவில்லை. பானுவிடம் எப்போதும் இரண்டு கத்திகள் உண்டு. காலில் கட்டியது பெரியது, நெஞ்சில் வைப்பது சிறியது. அந்தச் சிறியதை ஒருநாள் கேண்டீனில் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் வைத்தாள். "இது உன்ன அறுத்து எட்த்த கத்தி. வெச்சிக்க. பயம் போச்சினா எட்த்துகினு வா. போவலனா திருப்பிக் குட்த்துடு." அவ்வளவு தெளிவாகச் சொன்னாள். நான் போகவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. கொடுத்தால் இனி வரமாட்டேன் என்று அவளிடம் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். அந்த வெட்கத்தில் பீரோவில் புடவைக்கடியில் வைத்துப் பூட்டினேன்.

நடுவில் ஒரே ஒரு முறை, "கத்தி இன்னா பண்ணுது?" என்று கேட்டாள். "தூங்குது" என்று பெரிய நகைச்சுவை மாதிரி சொன்னேன். நெஞ்சுப்பட்டைக்கு அவள் வேறு கத்தி தேடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். வரவழைத்த இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டாள். ஒன்றில் உறையின் பூட்டு ஈரக்கையில் வழுக்கியது, இன்னொன்றில் பிடி ஆடியது. தேறாத சாமானை அவள் என்றைக்கு ஒத்துக்கொண்டாள்? தேறின ஒன்று என் வீட்டில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலில் கட்டிய கத்தியோடு மட்டும் இறங்கியிருக்கிறாள். கூட இறங்கியவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அடிநீரோட்டம் இருவரையும் பிரித்துவிட்டது. அவர் தேடிக் கண்டுபிடித்தபோது வலை அவளைத் தோளிலிருந்து முழங்கால் வரை சுற்றியிருந்தது. காலுக்குக் கை போக வழியில்லை. சிலிண்டரில் காற்றும் இல்லை.

மூன்றாம் நாள் அவளுக்காக ஓதும் பாத்திஹாவுக்கு அந்தக் கத்தியைப் பையில் வைத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன். நசீர் பாயிடம் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் கடை வாசலில், பாதி தைத்த குஷன்மேல் உட்கார்ந்திருந்தார். நான் வாயெடுப்பதற்கு முன்னால் அவரே பேசினார்.

"அவளோட வலது கை நெஞ்சு மேல இருந்துச்சாம் மல்லிகா. கூட எறங்குனவரு சொன்னாரு. தொழுவ நிக்கறப்ப கை கட்டுவோம் பாரு, அந்த மாதிரி. அல்லாவ நெனச்சிகினேதான் போயிருக்கா. அது ஒண்ணுதான் என்ன நிறுத்தி வெச்சிருக்கு."

பையைத் திறக்க என் கை வரவில்லை. ஆமாம் பாய் என்றேன். உள்ளே பெண்களோடு போய் உட்கார்ந்தேன். யாரோ டீ கொடுத்தார்கள், குடித்தேன்.

அந்தக் கை அங்கே ஏன் போனது என்று உங்களுக்கும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு, ஒரே இழுப்பில் வரும் என்று பழகின கை. பட்டையில் கத்தி இல்லை என்று அவளுக்குத் தெரியும், கைக்குத் தெரிந்திருக்காது. எத்தனை முறை தடவியிருப்பாள் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். கேட்காமல் இருக்க ஒரு வழியும் தெரியவில்லை.

அவளைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். அவள் சிரிப்பைப் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இது நம் குழுவைத் தாண்ட வேண்டாம், பூந்தமல்லிப் பக்கம் யாரும் வாய்தவறிக்கூடப் பேச வேண்டாம். நசீர் பாய்க்கு அவள் தொழுதுகொண்டே போனவளாக இருக்கட்டும். அவள் எதைத் தேடினாள் என்பதை நான் வைத்துக்கொள்கிறேன்.