விலா தட்டுப்படும் குதிரை

சனிக்கிழமை காலை ஒன்பது பத்து. லாயத்துக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது குதிரையின் கழுத்து. பிடரி ஓரம் தடித்து, ஒரு பக்கமாகச் சரியப் பார்த்தது.

லாயம் ஸ்டோவ்னர் என்ற புறநகருக்கு அப்பால், காட்டோரத்தில். குதிரை எங்களுடையது அல்ல. வாரத்தில் இரண்டு நாள் மகள் சவாரி செய்யலாம் என்று ஏற்பாடு. மறுநாள் அவளுக்கு முதல் தாண்டுதல் போட்டி. அதற்கு முன் மிருக வைத்தியர் பார்க்க வேண்டும்.

மார்ச்சில் குளிர்கால ரோமம் அடர்ந்திருக்கும். கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. வைத்தியர் விலாவில் விரல்களை ஓட்டினார். பிறகு மகளிடம் கையைப் பொத்திப் பிடிக்கச் சொன்னார். விரல் முட்டிகளைத் தடவினால் வருவது மெலிந்த குதிரையின் விலா. விரித்த கையின் புறங்கை, சரியான குதிரை. உள்ளங்கை, கொழுத்தது. மகள் உள்ளங்கையைத் தடவினாள், குதிரையைத் தடவினாள், மறுபடி உள்ளங்கையைத் தடவினாள்.

அடுத்து ஓடவிட்டார்கள். நின்று வெகுநேரமாகியும் மூக்குத் துவாரங்கள் விரிந்தே இருந்தன. வைத்தியர் நெஞ்சில் குழாயை வைத்தார், காத்திருந்தார், மீண்டும் வைத்தார். இதயத் துடிப்பு இறங்கவில்லை.

"இதற்கு யார் தீனி போடுகிறீர்கள்?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

என் மனைவியின் கையில் ஒரு பை இருந்தது. பைக்குள் கரட்டும் காய்ந்த பாண் துண்டுகளும்.

"அம்மா, நீங்களா?" என்றாள் மகள்.

"நீதானே பிள்ளை சொன்னனீ, விலா எலும்பு கைக்குத் தட்டுப்படுதெண்டு."

"அது நல்லதெண்டெல்லோ சொன்னனான்!"

"எலும்பு தட்டுப்படுறது என்னெண்டு நல்லது? வாயில்லாச் சீவன். நீ பள்ளிக்கூடம் போன நேரம் நான் வந்து குடுத்தனான்."

"உங்கட தம்பி, மாமாவையும் இப்பிடித்தான் சாப்பாடு தீத்தினனீங்கள். இப்ப அவருக்குப் படி ஏறேலாது."

"மாமாக்கு என்ன குறை? நல்லா உடம்பு வைச்சிருக்கிறார்."

வைத்தியர் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தார். மகள் இவ்வளவையும் "அம்மா" என்ற ஒரு சொல்லில் மொழிபெயர்த்தாள்.

நாளை தாண்டக் கூடாது என்றார் வைத்தியர். கோடை வரை நடை மட்டும். பாண் கூடாது.

"கரட்டுமா?" என்று மனைவி கேட்டாள்.

கரட்டும்தான்.

ஞாயிறு மதியம், போட்டி நடந்த நேரத்தில், நாங்கள் மூவரும் வீட்டில் இருந்தோம். சோற்றுக்குக் கரட் சம்பல்.