பச்சை டிக்

அந்தப் பச்சை டிக்கைச் செய்ய எனக்கு மூன்று நாள் பிடித்தது. முதலில் ஒரு வட்டம் மெதுவாகச் சுற்றும். சுற்றி முடித்ததும் நடுவில் டிக் வந்து விழும். கீழே, "உங்கள் பதிவு கிடைத்தது. எங்கள் குழு விரைவில் உங்களைத் தொடர்பு கொள்ளும்" என்று எழுத்து வரும். குழுவாவது மண்ணாவது. சிதம்பரத்தில் நான் வெப்சைட் செய்து கொடுத்த அந்தக் கடையில் இருந்தது பாய் ஒருத்தர்தான்.

பாய் குவைத்தில் பல வருஷம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். வீட்டோடு படுத்துக் கிடக்கிற நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர், கட்டில், வீல்சேர் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்துகொண்டு சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறவன். யாரோ சொல்லி என்னைத் தேடி வந்தார்.

"தம்பி, எனக்கு ஜாஸ்தி ஒண்ணும் வேணாம். மேல நம்பர் பெருசா தெரியணும், விரல வச்சா போன் போவணும். அவ்ளோதான்" என்றார்.

"பாய், அப்புறம் அது பஞ்சர் கடை போர்டு மாதிரி இருக்கும்" என்று சிரித்தேன். என்ன திமிர் எனக்கு! இன்றைக்கு யார் வந்தாலும் அவர் சொன்னதைத்தான் முதலில் செய்கிறேன். அன்றைக்குக் கேட்கவில்லை. வெள்ளைக்கார டாக்டர் சிரிக்கிற படத்தை மேலே ஓடவிட்டேன். "இப்போதே பதிவு செய்யுங்கள்" என்று பெரிய பட்டன் வைத்தேன். போன் நம்பரை அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு சைஸில் தள்ளினேன். பாய் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு" என்று இழுத்தார். அந்த இழுவை அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பட்டனை அழுத்தினால் ஒரு படிவம் வரும். அதில் எழுதுவது ஏதாவது ஒரு மெயிலுக்குப் போய்ச் சேர வேண்டும். வேலை நடக்கும்போது சோதனைக்காக என்னுடைய பழைய மெயில் ஒன்றைக் கொடுத்து வைப்பேன். முடிந்ததும் கடைக்காரருடைய மெயிலுக்கு மாற்றிவிட வேண்டும். பாயிடம் கேட்டேன். "குவைத்துல ஒண்ணு இருந்துச்சு, பாஸ்வேர்டு மறந்து போச்சு. மவகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வேலை வந்தது, போய்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து பாய் போன் செய்தார். "வெப்சைட்ட பாத்துட்டு வந்தேன்னு ஒரு ஆளு கூட வரல தம்பி."

"கூகுள்ல மேல வர ஆறு மாசம் ஆவும் பாய், பொறுமையா இருங்க" என்றேன். வாயில் வந்ததை அடித்துவிட்டேன். அந்த மெயிலைத் திறந்து பார்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? அந்த ஒரு நிமிஷம் எனக்கு இல்லையாம்.

ஒரு திங்கட்கிழமை பாயிடமிருந்து மறுபடி போன் வந்தது. குரலே சரியில்லை. புவனகிரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் கடைக்கு வந்து, நாலு பேர் பார்க்க அவர் சட்டையைப் பிடித்திருக்கிறான். "எங்க அக்கா மூணு தடவ பதிவு பண்ணுச்சு. கெடச்சுதுன்னு சொல்லிட்டு கம்முனு ஒக்காந்திருக்கியே, எங்க மாமா செத்துட்டாருய்யா" என்று கத்தியிருக்கிறான். பாய் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். "எனக்கு ஒண்ணுமே வரல தம்பி. வந்திருந்தா போவாம இருப்பனா?"

மெயிலைத் திறந்தேன். நான் அனுப்பிய "டெஸ்ட் டெஸ்ட்" எல்லாவற்றுக்கும் மேலே, முன்பின் தெரியாத ஆட்கள் வரிசையாக நின்றார்கள். கட்டில் வேண்டும் என்று ஒருவர், வீல்சேர் கேட்டு ஒருவர். ஒரே நம்பரிலிருந்து மூன்று.

வெள்ளி காலை: "வீட்டுக்காரருக்கு ஆக்சிஜன் வேணும். கையில் இருப்பது கடைசி சிலிண்டர். ரெண்டு நாள் வரும்."

சனி மதியம்: "நேத்தே பதிவு பண்ணினேன். மீட்டர் முள் பாதிக்குக் கீழ வந்துடுச்சு."

ஞாயிறு காலை: "சார் சீக்கிரம்."

அதற்கப்புறம் அவரைப் பக்கத்து வீட்டுக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு சிதம்பரம் கிளம்பியிருக்கிறார்கள். வெள்ளாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் போய்விட்டார். அந்த மூன்று நாளும் பாய் கடைச் சுவரில் நிரப்பி வைத்த சிலிண்டர்கள் ஆறு சாய்ந்து நின்றன. கடையிலிருந்து அந்த வீட்டுக்கு அரைமணி நேரம் கூட ஆகாது.

கீழே நம்பர் இருந்ததே, போன் பண்ணியிருக்கலாமே என்று என் மனசு அந்த அம்மா மேலேயே பழியைப் போடப் பார்த்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். கிடைத்தது என்று சொன்ன கடைக்கு யார் போன் போடுவார்கள்?

பாயிடம், "சர்வர் கோளாறு" என்றேன். பயம், வேறென்ன.

"சரி, வாங்க, அந்த வூட்டுக்குப் போவோம். துக்கம் கேக்காம இருக்கக் கூடாது" என்றார். நானும் கூடவே போனேன்.

வாசலில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. சட்டையைப் பிடித்த அந்தத் தம்பி எங்களைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டான். அந்த அம்மா வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்பது வயசு இருக்கும். பாய் நின்றுகொண்டே, "சர்வர் கோளாறும்மா. அல்லா மேல ஆணையா எங்களுக்கு ஒண்ணும் வரல" என்றார். என் பொய்யை அவர் ஆணையிட்டுச் சொன்னார்.

அந்த அம்மா கத்தவில்லை. போனை எடுத்து எங்கள் பக்கம் நீட்டினார். என் பச்சை டிக். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார்.

"இதத்தாங்க அவருக்குக் காட்டிக்கினே இருந்தேன். மூச்சு இழுக்கும்போதெல்லாம், வந்துடும், பாருங்க, டிக் போட்டுட்டாங்கன்னு சொல்லுவேன். அவரும் போன வாங்கிப் பாத்துட்டுத் தலைய ஆட்டுவாரு." போனை இன்னும் கிட்டே நீட்டினார். "சர்வர் என்னமோ எனக்குத் தெரியாது. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. யாராச்சும் பாத்துட்டுத்தான இந்த டிக்க போட்டிருப்பாங்க? யாரு அது?"

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"யாரும் பாக்கலக்கா" என்றேன். "யாரும் பாக்காமலே விழற மாதிரி நான்தான் செஞ்சேன். சர்வர் கோளாறெல்லாம் இல்ல. நீங்க அனுப்புன மூணும் என்கிட்டதான் வந்து கெடந்துச்சு. நான் தொறக்கவே இல்ல."

அடி விழும் என்று நின்றேன். விழுந்திருந்தால் தேவலை. பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா போனைத் தன் பக்கம் திருப்பி அந்த டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கார்ல ஏத்தறப்பக்கூட, ஆளு கெளம்பிட்டாங்களான்னு கேட்டாரு" என்றார். "கெளம்பிட்டாங்கன்னு சொன்னேன்."