தோளில் இருந்த கை

படித்து முடித்ததும் "நல்லாத்தான் கதை விடறாங்க" என்று சொல்லப் போகிறீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். நானும் அந்த ரகம்தான். யாராவது பேய்க் கதை ஆரம்பித்தால் பாதியில் எழுந்து டீ போடப் போய்விடுவேன். விலங்கியல் படித்தவள். இருட்டில் நடப்பதே என் பிழைப்பு. அப்படிப்பட்ட எனக்கு இது நடந்தது. ஒரு வார்த்தை கூட்டவில்லை.

ஒரு குட்டித் தீவு. தீவு முழுக்க ஒரே ரிசார்ட். அங்கே கடல் ஆமை, பறவை, பவளப்பாறை எல்லாவற்றையும் பாதுகாக்கும் திட்டங்களுக்கு நான் பொறுப்பு. முட்டையிலிருந்து வரும் ஆமைக் குஞ்சு வெளிச்சத்தைப் பார்த்து நகரும். கடலை விட்டுவிட்டு விளக்குப் பக்கம் போனால் செத்துவிடும். அதனால் அறை அறையாகப் போய் விளக்கை அணைக்கச் சொல்வது என் வேலையில் பாதி. ஊழியர்கள் எனக்கு வைத்த பெயர் 'லைட் போலீஸ்'. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் என் காதில் விழும்படி.

குஞ்சுகள் வெளிவருவதைப் பார்க்க விருந்தினர்களைக் கூட்டிப் போவதற்கு நானே ஒரு முறை வைத்திருந்தேன். செருப்பு கிடையாது. டார்ச் கிடையாது. பேச்சு கிடையவே கிடையாது. ஒருவர் பின் ஒருவராக, முன்னால் போகிறவரின் வலது தோளில் வலது கையை வைத்து நடக்க வேண்டும். ஏதாவது பிரச்சினை என்றால் அந்தத் தோளை ஒரு தடவை அழுத்த வேண்டும். அழுத்தம் தோள் தோளாக முன்னால் வந்து சேரும். நான் நிற்பேன். முன்னால் நான், மங்கலான சிவப்பு டார்ச்சோடு. கடைசியில் படகு ஓட்டும் அண்ணன்.

அந்த வாரம் என் தங்கை லீவுக்கு வந்திருந்தாள். அவளுக்கு மாலைக்கண். பகலெல்லாம் என்னை வம்புக்கு இழுப்பவள், இருட்டினால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அம்மாவுக்குப் போனில் தினமும் ஒரே பாட்டுதான்.

"பொழுது சாஞ்சா அவ கைய விட்டுடாதடி. சுத்தி கடலு."

"சரிம்மா. கயிறு போட்டு கட்டி வச்சிருக்கேன்."

கிண்டலாகச் சொன்னேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். அவளுக்கு ஒன்று என்றால் நான் தாங்க மாட்டேன்.

மாலை 7.20. ஆமைக் கூட்டுக்குக் காவல் இருந்தவர் வாக்கி டாக்கியில் கூப்பிட்டார்.

"கூட்டு மேல மணல் உள்வாங்குது மேடம். குஞ்சுங்க இப்ப வந்துடும்."

விருந்தினர்களோடு வரிசையாகக் கிளம்பினோம். நிலா இல்லை. விளக்கு எல்லாம் அணைந்திருந்தது. எனக்கு அடுத்தபடியாகத் தங்கை. என் தோளில் அவள் கை, சூடாக, வியர்வையோடு இருந்தது.

புதர் ஓரமாகக் கரை வளைகிற இடம். அங்கே கை ஒரு கணம் விலகியது... திரும்ப வந்து உட்கார்ந்தது. வியர்வையைத் துடைத்திருப்பாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் சட்டை நனைவது தெரிந்தது. கை ஈரமாக இருந்தது. சில்லென்று இருந்தது.

"தண்ணில கைய விட்டியா?" என்று கிசுகிசுத்தேன்.

பதில் இல்லை. பரவாயில்லை, ஒரு நாளாவது நான் சொன்னதைக் கேட்கிறாளே என்று சந்தோஷப்பட்டேன். தைரியம் சொல்ல அந்தக் கையை லேசாகத் தட்டினேன்.

மணல் ஒட்டிய கை. தோல் ஊறிப்போய்ச் சுருங்கியிருந்தது. வெகுநேரம் துணி துவைத்த கை மாதிரி.

சரக்... சரக்... என் காலடிச் சத்தம்.

பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

7.38. வாக்கி டாக்கி கரகரத்தது.

"மேடம், எங்க இருக்கீங்க? எல்லாரும் வந்துட்டாங்க."

"எல்லாரும்னா?"

"வரிசையில வந்தவங்கதான். நீங்க முன்னாடியே போயிட்டீங்கன்னு படகு அண்ணன் குறுக்கு வழியில கூட்டிட்டு வந்தாரு. உங்க தங்கச்சி இதோ என் பக்கத்துல நிக்கிறாங்க."

நின்றுவிட்டேன்.

கை இன்னும் என் தோளில் இருந்தது.

அழுத்தியது. ஒரு தடவை.

வாக்கி டாக்கியை இறுக்கிப் பிடித்தேன்.

மறுபடி... அழுத்தியது.

"யாரு?"

விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. கடைசியாகக் கட்டை விரல்.

ஓடினேன். திரும்பியே பார்க்கவில்லை.

கூட்டருகே தங்கையைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் உடம்பு கதகதவென்று இருந்தது.

"யாரோ சிப்பிய மிதிச்சுட்டாங்க, எல்லாரும் நின்னோம். என் கை நழுவிடுச்சு. நீ பாட்டுக்குப் போயிட்ட."

"கூப்பிட வேண்டியதுதானே?"

"பேசக் கூடாதுன்னு நீதானக்கா சொன்ன."

குஞ்சுகள் வந்தன, ஒன்று விடாமல் கடலுக்குப் போயின. மற்றவர்கள் வாயடைத்துப் போய்ப் பார்த்தார்கள். எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. திரும்பும்போது வலது கையில் டார்ச், இடது கையில் வாக்கி டாக்கி. தோளில் தங்கையின் சூடான கை இருக்கிறதா என்பதிலேயே புத்தி இருந்தது. அது அறை வாசல் வரை விலகவில்லை. அன்றைக்கு லைட் போலீஸ் எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு படுத்தாள்.

விடிந்ததும் வழக்கம்போல் தடம் பார்க்கப் போனேன். எந்த ஆமை எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று மணலைப் பார்த்துச் சொல்வது எங்கள் தினசரி வேலை.

வளைவில் ஒரு தடம் கடலிலிருந்து ஏறி வந்திருந்தது. ஆமைத் தடம் இல்லை. வெறும் கால். விரல்கள் மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தன, குதிகால் பதியவே இல்லை. அது என் தடத்துக்குப் பின்னால் ஒட்டினாற்போல் வந்திருந்தது. நான் நின்ற இடத்தில் நின்றிருந்தது. நான் ஓடியபோது பின்னாலேயே வந்து, கூட்டருகே வரிசையின் தடங்களோடு கலந்திருந்தது.

ராத்திரி நாங்கள் அறைக்குத் திரும்பிய வழியைப் பார்த்தேன். முன்னால் என் கால் தடங்கள். அடுத்தது தங்கையின் கால்கள். அவளுக்கு இடது பக்கமாக, அவளோடு சேர்ந்தாற்போல்... அந்தக் கால்கள். எங்கள் அறைப் படிக்கட்டு வரைக்கும்.

எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. ஏறிய தடம் இருந்து, இறங்கிய தடம் இல்லை என்றால், வந்தது இன்னும் கரையில்தான் இருக்கிறது. தீவை முழுக்கச் சுற்றினேன். இறங்கிய தடம் எங்கும் இல்லை.

அறைக்கு ஓடி வந்தேன். தங்கை பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். மத்தியானப் படகில் ஊருக்குக் கிளம்ப வேண்டும்.

"ஏன்க்கா, நேத்து வரும்போது என் இடது கையப் புடிச்சுக்கிட்டே வந்தியே, உனக்கு ஜுரமா? ஐஸ் மாதிரி இருந்துச்சு."

நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது, அவளாவது பயப்படாமல் ஊர் போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன். படகு கண்ணிலிருந்து மறைந்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது.

இரண்டு வாரம் கழித்து அம்மா போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

"உன் தங்கச்சிக்குக் கண்ணு சரியாயிடுச்சு போலடி. ராத்திரி லைட்டே போடாம வீடு பூரா நடக்கிறா. எதுலயும் முட்டிக்கிறதில்ல."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டினோம். கண்ணு அப்படியேதான் இருக்குன்னு சொல்றாரு, அவருக்கே புரியல. என்ன ஒண்ணு... நடக்கறப்ப இடது கைய மட்டும் லேசா முன்னாடி நீட்டிக்கிட்டே போறா."

அம்மா மேலும் என்னென்னவோ பேசிக்கொண்டே இருந்தாள். இனிமேல் அவள் கையை யாரும் பிடித்துக்கொண்டு போக வேண்டாம் என்பதில் அம்மாவுக்கு அவ்வளவு நிம்மதி.