அம்மாவுக்குப் பெட்டி சொன்னோம்

கப்பலில் சரக்கு ஏற்றும் அந்தப் பெரிய இரும்புக் கொள்கலனுக்கு எங்கள் வீட்டில் பெட்டி என்று பெயர் வைத்தது தம்பிதான். கொண்டேனா என்ற மலாய்ச் சொல்லை எத்தனை முறை சொல்லிக் கொடுத்தாலும் அம்மாவின் வாயில் அது நுழையவில்லை. "எதுலடா என் சாமானையெல்லாம் வைக்கப் போற?" என்று கேட்டாள். "பெரிய இரும்புப் பெட்டிம்மா. லோரியில வரும்" என்றான். அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் அது பெட்டிதான்.

பாடாங் மேஹா பக்கத்தில் இருக்கிறது அம்மா குடியிருக்கும் செம்பனைத் தோட்டம். இருந்தது என்று எழுத வேண்டும், கை வரவில்லை. தோட்டம் கைமாறி, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தை இடித்து நிலத்தைச் சமன் செய்யப் போவதாக அறிவிப்பு வந்ததும் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. மிஞ்சியது அம்மாவும், கோடி வீட்டில் ஒரு வயதான தம்பதியும்தான். மாற்று வீடு கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தில் லாலான் புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது.

எனக்குக் குருணில் தொழிற்சாலை வேலை. குடியிருப்பது சுங்கைப் பட்டாணியில், அடுக்குமாடி வீட்டில். அதில் நாங்கள் கைகால் நீட்டிப் படுப்பதே பெரிய காரியம். அம்மாவை வரச் சொன்னால், "சாமான் எங்க போவுதோ அங்கதான் நானும்" என்பாள். சாமான் என்றால் தையல் மெஷின், அப்பாவின் சைக்கிள், அம்மிக்கல், பித்தளை அண்டா, கால் ஆடுகிற மரக்கட்டில், கதவில் கண்ணாடி பதித்த அலமாரி. பாதியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டேன். அம்மா பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

தண்ணீரை நிறுத்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தண்ணீர் போய், கரண்டும் போய், இடிக்கிற இயந்திரம் வாசலில் வந்து நின்றாலும் இவள் உள்ளேதான் உட்கார்ந்திருப்பாள். அவளைப் பத்திரமாக அங்கிருந்து கிளப்பிவிட வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பெட்டி எடுப்பது தம்பியின் யோசனை. குருணில் அவன் வேலை செய்கிற பட்டறைக்குப் பின்னால் காலி நிலம் கிடந்தது. மாற்று வீடு வரும்வரை அங்கே வைத்துக்கொள்ள முதலாளி சம்மதித்தார். சொந்தமாகவே ஒன்று வாங்கிப் போடலாம் என்றான். நிலமே நம்முடையது இல்லை, நாளைக்கே எடு என்றால் அதைத் தலையிலா தூக்கிக்கொண்டு ஓடுவாய் என்று கேட்டேன். வாடகைக்கே எடுப்பதென்று முடிவானது.

வாடகைக்கு விடுகிறவரின் இடத்தில் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கிருந்த ஆள், "உள்ள போய் நில்லுங்கக்கா, கதவ மூடுறேன். எங்கயாச்சும் வெளிச்சம் தெரிஞ்சா ஓட்டைன்னு அர்த்தம். மழத்தண்ணி உள்ள வந்துரும்" என்றார். முதல் பெட்டியின் கூரையில் மிளகு அளவுக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது. இரண்டாவதில் என் கையே எனக்குத் தெரியவில்லை. துரு வாடை, உடம்பெல்லாம் வேர்வை. கதவைத் திறந்ததும், "இதான் நல்ல பெட்டி" என்றார். சரி என்று தலையாட்டினேன். ஆனால் அம்மாவின் சாமான்களை அந்த இருட்டில் வைத்து மூடப்போகிறோமே என்று மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

அடுத்து நடந்ததற்குத் தம்பிதான் பொறுப்பு. சாமான் தூக்க ஆள் வேண்டும் என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டான். அதை நான் பிறகுதான் கேட்டேன். "அம்மாவுக்குப் பெட்டி சொல்லியாச்சு. நாளைக்குக் காலையில லோரியில வந்துரும். தூக்க ஆள் வேணும், எல்லாரும் நேரத்தோட வந்துருங்கலா." இவ்வளவுதான் பதிவு. பெட்டி சொல்லியாச்சு என்றால் எங்கள் சனத்துக்கு ஒரே அர்த்தம்தான், சவப்பெட்டி. பெட்டி, அதைத் தூக்க ஆள். வேறென்ன வேண்டும்?

குலிமில் இருக்கும் பெரியம்மா, அம்மாவின் அக்கா, அதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு மாமாவுக்குப் போன் செய்து அழுதிருக்கிறார். மாமா மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அம்மாவின் பெட்டிக்கு ஒரு வேன் பிடிக்கக்கூடத் துப்பில்லையா, லோரியிலா கொண்டு வருவார்கள் என்று எங்களைத் திட்டவும் திட்டியிருக்கிறார்கள். எங்களைக் கூப்பிட்டும் பார்த்தார்களாம். நான் இரவு வேலையில் இருந்தேன், போன் லாக்கரில். தோட்டத்துக்குள் இருந்த தம்பிக்கு லைன் கிடைக்கவில்லை. நாங்கள் எடுக்காததால் அவர்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மறுநாள் காலையில் வாசலில் நின்று பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன். செம்பனை மரங்களுக்கு நடுவே, செம்மண் சாலையில் வரிசையாகக் கார்கள் வந்தன. சாமான் தூக்க இத்தனை பேரா என்று சந்தோஷப்பட்டேன். கார்க் கதவு திறக்கும் முன்பே பெரியம்மாவின் குரல் வந்துவிட்டது.

"என்னப் பெத்தவளே, கூடப் பொறந்தவளே, என்னைய விட்டுட்டுப் போயிட்டியே!"

மாரில் அடித்துக்கொண்டு இறங்கினார். பின்னால் மாமா, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஆள் உயர மாலையோடு. சத்தம் கேட்டு அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். கோடி வீட்டைப் பார்த்தாள். பிறகு தன் அக்காவைப் பார்த்துப் பதறிப்போய்க் கேட்டாள்.

"ஐயையோ, யாருக்கா போயிட்டா?"

பெரியம்மா அம்மாவைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். பெரியம்மா எழுந்து வந்து தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். அம்மாவின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "செத்துப்போனதா சேதி வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க. ஒனக்கு ஆயுசு கெட்டிடி" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. லயத்தை விட்டுப் போனவர்களில் பலர் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திரும்பி வந்திருந்தார்கள். உயிரோடு இருப்பவளைப் பார்க்க ஒருவருக்கும் வழி தெரியவில்லையா என்று கேட்கத் தோன்றியது. அம்மாவோ எல்லோருக்கும் தேநீர் கலக்கப் போனாள்.

அந்த நேரத்தில் லோரி வந்தது. மலாய்க்கார ஓட்டுநர் வெள்ளைச் சட்டைகளையும் மாலையையும் பார்த்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். தம்பியிடம் மெதுவாக, "சியாப்பா மெனிங்கால்?" என்றார். யார் தவறியது என்று கேட்கிறார். தம்பி மிரண்டுபோய், "பெலும் லாகி, பாங்" என்று உளறினான். இன்னும் இல்லையாம். இன்னொரு அடியும் வாங்கினான்.

பெட்டியை வாசலுக்கு நேரே இறக்கி வைத்தார்கள். சாவுக்கு வந்தவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுச் சாமான் தூக்கினார்கள். அம்மிக்கல்லை மாமாவோடு இன்னொருவரும் பிடித்தார். கட்டில் வாசலில் சிக்கிக்கொள்ள, காலைக் கழற்றி எடுத்தார்கள். அம்மா பெட்டிக்குள் நின்று எது எங்கே என்று கட்டளை போட்டாள். எல்லாம் ஏறியது. ஓட்டுநர் கதவை இழுத்து மூடி, இரும்புத் தண்டுகளை மடக்கிப் பூட்டினார். லோரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு குருணுக்குக் கிளம்பியது. தம்பியும் அதோடு போனான்.

திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. காலி வீட்டின் நடுவில், வெறும் சிமெண்டுத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"சாமான் போயிருச்சும்மா. கெளம்பும்மா."

"நீங்க போங்க."

"சாமான் போற எடத்துக்குத்தான் போவேன்னு சொன்னியே!"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சாமான்தான் தடை என்று நான் நம்பியிருந்தேன். இப்போது சாமானும் இல்லை, இவள் இன்னும் இங்கேதான். இனி என்ன சொல்லிக் கூப்பிடுவது?

வெளியே மாமாவுக்கு வேறு கவலை. மாலையை என்ன செய்வது? சாவுக்கு வாங்கிய மாலையை வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகக்கூடாது. சாமிக்கும் போட முடியாது. "கால்வாயில போட்டுருவோம்லா" என்றார். கூடவே கூடாது என்று பெரியம்மா சண்டை பிடித்தார். பேச்சு உள்ளே கேட்டிருக்க வேண்டும். அம்மா எழுந்து வந்தாள்.

"அத இங்க குடு."

மாமா தயங்கினார். அம்மா அவர் கையிலிருந்து மாலையை வாங்கினாள். மாவிலைத் தோரணம் கட்டுகிற ஆணிகள் கதவு நிலையின் மேல் இருந்தன. எக்கிப் பார்த்தாள், எட்டவில்லை. என்னைப் பார்த்தாள். ஒரு முனையை நான் மாட்டினேன், மறுமுனையை மாமா மாட்டினார்.

"நான் இருக்கேன். போறது இதுதான். இதுக்குப் போடுங்க" என்றாள்.

பெரியம்மா தன் பிள்ளைகளைப் பெற்றது அடுத்த வீட்டில். மாமா பிறந்தது அதற்கும் அடுத்த வீட்டில். பெரியம்மா தலையைக் கவிழ்த்துக்கொண்டு மறுபடி அழ ஆரம்பித்தார். காலையில் அழுதபோது இருந்த ராகம் எதுவும் இப்போது இல்லை. மாமாவும் அழுதார், நானும் அழுதேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீட்டைத் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்து என் காரில் ஏறினாள். எழவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. அவளும் சொல்லவில்லை.

சுங்கைப் பட்டாணி வந்து சேர்ந்தோம். மாடியேறி வந்து கதவைத் திறந்தேன். "வாம்மா" என்றேன். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வெளியிலேயே நின்றாள்.

"ஏம்மா, உள்ள வா."

"சாவு வீட்லேருந்து வரேன். அப்படியே எப்படி உள்ள வர்றது? தண்ணி எடுத்துட்டு வா."

வாளியில் தண்ணீர் கொண்டுவந்தேன். நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா குனிந்தாள். அவள் தலையில் ஊற்றினேன்.