ஏர்லன்றாட் பாலம்

பாரிஸ் லா சப்பலில் காய்கறிக்கடை வைத்திருக்கும் மன்னார் அற்புதராணி, பிரான்சுக்கு வருமுன் ஜேர்மனியில் ஏர்லன்றாட் என்ற நாட்டுப்புற மாவட்டத்தில் அகதியாக இருந்தவர். மாடும் உருளைக்கிழங்குமாகக் கிடந்த அந்த நிலத்தைச் சுற்றி, வரி வாங்குவதற்காக எந்தக் காலத்திலோ ஒரு பிரபு எல்லை போட்டு வைத்தாராம். பிரபு போய்ச் சேர்ந்தார், எல்லை போகவில்லை. அனுமதியில்லாமல் அகதிகள் அதைத் தாண்டக்கூடாது என்பது சட்டம்.

அப்போதுதான் தங்கச்சியின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் வந்தது. அற்புதராணிதான் ஞானத்தாய். கோயிலோ ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம், அடுத்த மாவட்டத்தில். அலுவலகம் அனுமதி தர மறுத்து, வேறு யாரையாவது ஞானத்தாயாக வைக்கச் சொன்னது. மனுசி கேட்பாரா? சேலையை உடுத்துக்கொண்டு பட்டப்பகலில் பாலத்தில் ஏறினார். நடுப்பாலத்தில் ஒரு பொலிஸ்காரர் மறித்தார்.

"பூசை முடிய வாறன். அதுக்குப் பிறகு பிடியுங்கோ," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடந்தார்.

பொலிஸ்காரருக்கு என்ன விளங்கியதோ, கோயில் வாசல்வரை பின்னால் வந்து காத்து நின்றார். பிள்ளையை ஏந்தி, ஞானத்தாயின் வாக்கையும் கொடுத்துவிட்டு வெளியே வந்த அற்புதராணி, பொலிஸ் வண்டியில் தானாகவே ஏறி உட்கார்ந்தார்.

அந்தப் பிள்ளை றொஷானி, இப்போது வளர்ந்த பெண், போன கிழமை லா சப்பல் கடைக்கு வந்தாள்.

"பெரியம்மா, ஏர்லன்றாட்டிலை சனம் குறைஞ்சுபோச்சாம். மாவட்டத்தைக் கலைச்சுப் பக்கத்து மாவட்டத்தோடை சேர்த்திட்டாங்கள். இப்ப அந்தப் பாலத்திலை எல்லையே இல்லை."

முருங்கைக்காய் அடுக்கிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

"எனக்கு அது அண்டைக்கே இருக்கேல்லை, பிள்ளை," என்றார் அற்புதராணி.