லென்ஸக்கா போட்ட வரிக்கணக்கு

எங்கள் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் அரைக்கிறவரை எல்லோரும் லென்ஸக்கா என்றுதான் கூப்பிடுவோம். லென்ஸ் பிரேமில் சரியாக உட்காரவில்லை என்றால், அரை மில்லிமீட்டருக்காக மறுபடியும் இயந்திரத்தில் வைப்பார். முன்கடையில் வாடிக்கையாளர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள். அவர்களிடம் பல்லைக் காட்டிச் சமாளிப்பது என் வேலை. அவ்வளவு துல்லியம் பார்க்கிறவர் பதினோரு வருடமாகத் தன் வருமான வரிப் படிவத்தை ஒரு தடவைகூடப் படித்ததில்லை.

அது அவருடைய அக்கா புருஷன் கையில் இருந்தது. வருடா வருடம் முதலாளி தருகிற சம்பளச் சான்றிதழ் வந்ததும் உறை பிரியாமலே அத்தானிடம் போய்விடும். லென்ஸக்காவின் கணவர் லாரி ஓட்டுகிறார், வாரத்தில் நாலு நாள் ரோட்டில்தான். காகிதம் என்று எது வந்தாலும் "சகலைகிட்ட குடுத்துடு, அவர் பார்த்துக்குவார்" என்பதோடு அவர் பங்கு முடிந்தது. அத்தானும் குறை வைக்கவில்லை. எல்லாவற்றையும் நிரப்பி, பென்சிலால் புள்ளி வைத்து, இங்கே கையெழுத்துப் போடு என்று காட்டுவார்.

போன வருடம் அக்கா மகளின் பிறந்தநாளன்று கூடம் நிறைய ஆட்கள். யாரோ விலைவாசியைப் பற்றி ஆரம்பிக்க, அத்தான் கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நம்ம லென்ஸம்மா வருஷம் பூரா அரைச்சும் தேறினது இவ்வளவுதான் என்று தொகையைச் சில்லறை வரைக்கும் சொல்லிவிட்டார். கெட்ட மனசு கிடையாது, எண்கள் அவருக்கு நாக்கு நுனியில் நிற்கும். எல்லோரும் சிரித்தார்கள். லென்ஸக்காவும் சிரித்து வைத்தார். மறுநாள் கடைக்கு வந்து, ஏப்ரனை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "இனிமே என் கணக்கை நான்தான் போடப்போறேன். என் சம்பளம் எவ்வளவுன்னு என் வாயால வந்தா வரட்டும்."

நான் தைரியம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அரசாங்க முத்திரை போட்ட உறையைக் கண்டாலே பிரிக்காமல் தள்ளி வைக்கிற ஆள் நான், இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து அப்படித்தான். தப்பாகப் போட்டால் அபராதம், விசாரணை என்று எனக்குத் தெரிந்த பூச்சாண்டியெல்லாம் காட்டினேன். தப்பானால் திருத்திக்கொள்ளலாம் என்று வரி அலுவலகத்தின் குறிப்பிலேயே போட்டிருக்கிறதே, நீ படிக்கவில்லையா என்று கேட்டார். நான் படித்ததில்லை.

இந்த வருடம் பார்த்துச் சான்றிதழ் இரண்டாக வந்தது. வீட்டுக் கூரை ஒழுகியதால் அஞ்சு மாதம் சனிக்கிழமைகளில் ஒரு பேக்கரியில் ரொட்டி பொட்டலம் கட்டப் போயிருந்தார். கடைசித் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், லென்ஸ் கீறலைப் பார்க்கிற விளக்கின் கீழே இரண்டையும் விரித்து வைத்தார். வங்கியில் மாதாமாதம் விழுந்த தொகைகளைக் கூட்டி, கடைக் கணினியில் படிவத்தைத் திறந்து, வருமானம் என்ற கட்டத்தில் போட்டார். முதலாளி அனுப்பிய விவரத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கணினி சிவப்பில் காட்டியது. மூன்று தடவை கூட்டினார், மூன்று தடவையும் அதே சிவப்பு.

பேசாமல் அத்தானைக் கூப்பிடுங்கள் என்றேன். அவர் வரி அலுவலகத்தைக் கூப்பிட்டார். காத்திருக்கச் சொல்லி முப்பத்தைந்து நிமிடம் பாட்டுப் போட்டார்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அதற்குள் இரண்டு ஜோடி லென்ஸ் அரைத்து முடித்துவிட்டார். கடைசியில் எடுத்த அம்மாள் பொறுமைசாலி, நிதானமாக விளக்கினார். கைக்கு வந்தது வருமானம் இல்லை, பிடித்தம் போவதற்கு முன்னால் இருந்த முழுச் சம்பளம்தான் வருமானம். பிடித்த வரிக்குத் தனிக் கட்டம். முழு வருமானத்துக்கு எவ்வளவு வரி என்று பார்த்து, ஏற்கெனவே பிடித்ததைக் கழிக்க வேண்டும். மிச்சத்தை ஒன்று அவர்கள் தருவார்கள், இல்லை நாம் கட்டுவோம். லென்ஸக்கா போனை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கா பதினோரு வருஷம் பென்சில் புள்ளில கையெழுத்துப் போட்டேன்?"

கடைச் சம்பளத்தை மட்டும் போட்டபோது கொஞ்சம் திரும்பி வரும் என்று காட்டியது. பேக்கரியையும் சேர்த்ததும் தலைகீழாகி, ஒரு மாதப் பேக்கரிக் கூலி அளவுக்குக் கட்ட வேண்டும் என்றது. அவருக்கு முகம் செத்துவிட்டது. மறுநாள் மறுபடி போன், மறுபடி பாட்டு. வருமானத்தில் முதல் பகுதிக்கு வரி கிடையாது, ஆனால் அந்தச் சலுகை ஆளுக்கு ஒரு தடவைதான். இரண்டு முதலாளிகளும் தாங்கள் மட்டும்தான் சம்பளம் கொடுக்கிறோம் என்று நினைத்துத் தனித்தனியாகச் சலுகை கொடுத்துவிட்டார்கள். யாரும் ஏமாற்றவில்லை, வரியைக் குறைவாகப் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

விஷயம் எப்படியோ அத்தான் காதுக்கு எட்டி, அன்று சாயங்காலமே கூப்பிட்டார். பேக்கரியை விட்டுவிடு, அஞ்சு மாசக் காசு, யார் துருவப்போகிறார்கள், என்கிட்ட குடுத்தால் வழக்கம்போல் திரும்ப வாங்கித் தருகிறேன் என்று அடுக்கினார். பேக்கரிக்காரர் அந்தச் சான்றிதழின் பிரதியை வரி அலுவலகத்துக்கு எப்போதோ அனுப்பியிருப்பார் என்பது லென்ஸக்காவுக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்னது அதை இல்லை.

"கீழ கையெழுத்து என்னோடது அத்தான். வேலை செஞ்சதும் நான்தான். அதை இல்லைன்னு எழுத மாட்டேன்."

தேதிக்கு இரண்டு நாள் முன்னால், மதிய இடைவேளையில், எண்களை ஒவ்வொன்றாக அவர் வாசிக்க நான் சரிபார்த்தேன். மூன்று தவணையாகக் கட்டலாம் என்ற இடத்தில் குறியிட்டு, கையெழுத்துக்குப் பதிலாகப் பெயரைத் தட்டச்சு செய்து, அனுப்பு என்பதை அழுத்திவிட்டுக் கை கழுவப் போனார்.

மறுநாள் அத்தான் மறுபடி கூப்பிட்டார். கையில் லென்ஸ் இருந்ததால் போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"முடிச்சிட்டியாமே. எவ்வளவு ஆச்சு?"

"முடிஞ்சுது அத்தான்."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"சொல்றதா இல்லை."

என்னமோ பெரிய கம்பெனி நடத்துற மாதிரி என்று சிரித்தார். லென்ஸக்கா கையில் இருந்த லென்ஸை இயந்திரத்தில் வைத்து ஓடவிட்டார். பிறகு, இந்தா உன் அக்காகிட்ட பேசு என்று போனைக் கொடுத்துவிட்டார். ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"ஏண்டி, நானும் இத்தனை வருஷமா புள்ளி வெச்ச இடத்துலதான் போட்டுட்டிருக்கேன். முதல்ல எதைப் பார்க்கணும்?"

லென்ஸக்கா இயந்திரத்தை நிறுத்தினார். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"உன் சம்பளச் சான்றிதழ் எந்த அலமாரில இருக்குன்னு பாரு. எடுத்துட்டு வா, நான் லைன்லயே இருக்கேன்."